ஃபீட் கூட்டினால் வெல்டு கெடுகிறதா? அலுமினிய உராய்வுக் கலக்கல் வெல்டிங்கில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

உராய்வுக் கலக்கல் வெல்டிங்கில் உலோகம் உருகுவதில்லை. ஸ்பிண்டில் என்னும் தண்டு சுற்றும் டூலின் முனை இரு தகடுகளின் இணைப்புக்குள் இறங்கும்; முனைக்கு மேலுள்ள அகன்ற ஷோல்டர் தகட்டின் மேல் அழுந்தி உராயும்; அந்தச் சூட்டில் இளகும் உலோகத்தைக் கலக்கியபடி டூல் நகரும். நகரும் அந்த வேகம்தான் ஃபீட். குன்னூரில் எங்கள் பட்டறையில் இருப்பது இதற்கென்றே செய்த மெஷின் அல்ல. கனமான செங்குத்து மில்லிங் மெஷினை மாற்றிக்கொண்டது. 6 மி.மீ. கனத்தில் 6061, 6082 அலுமினிய அலாய்த் தகடுகளும், 6063 எக்ஸ்ட்ரூஷன்களும்தான் பெரும்பாலான வேலை. கோயம்புத்தூரிலிருந்து வேலை தருபவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: இன்னும் சீக்கிரம் முடியாதா? முடியும். ஆனால் ஃபீடைக் கூட்டும்போது வெல்டு கெடுவது திரும்பத் திரும்ப அதே சில விதங்களில்தான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கைப்பணம் கரையும் காரணம் கடைசியில்.

என் கட்சி இது: ஃபீட் கூட்டி வெல்டு கெட்டால் எல்லோரும் முதலில் புது டூல் வாங்க ஓடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டூலுக்குக் கீழே, தகட்டைத் தாங்கும் அடித்தட்டிலும் அதைப் பிடிக்கும் கிளாம்பிலும் இருக்கிறது.

## எதையும் தொடுமுன் வரிகளை எண்ணுங்கள்

ஃபீடை ஆர்.பி.எம்.மால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு டூல் எவ்வளவு நகர்கிறது என்று கிடைக்கும். 1,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 500 மி.மீ. என்றால் சுற்றுக்கு 0.5 மி.மீ. வெல்டின் மேல் தெரியும் அரைவட்ட வரிகளும் அதே இடைவெளியில்தான் விழும். ஆகவே 10 மி.மீ. நீளத்தில் 20 வரி இருக்க வேண்டும். ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் போதும். 16 வரிதான் இருக்கிறது என்றால், ஃபீட் சரியாக இருக்கும் பட்சத்தில், ஸ்பிண்டில் 1,000-இல் சுற்றவில்லை, 800-இல்தான் சுற்றியிருக்கிறது. அப்போது நேராகக் கீழே "ஸ்பிண்டில் திணறுகிறது" என்ற பகுதிக்குப் போங்கள். மற்றதைச் சரிசெய்து பயனில்லை.

ஃபீடை ஏற்றும்போது ஆர்.பி.எம்.மைத் தொடாதீர்கள். ஒரு படிக்குப் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 1: மேலேயே பள்ளம் அல்லது கோடு தெரிகிறது

எங்கே தெரிகிறது என்பதைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### தொடக்கத்தில் மட்டும், அப்புறம் சரியாகிவிடுகிறது

சூடு சேரவில்லை. மலையில் அடிக்கடி வருவது இதுதான், அதுவும் மார்கழி, தை மாதக் காலை வேளையில். ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் குன்னூரிலும் மெஷின் படுக்கை இரும்பு கை வைக்க முடியாதபடி சில்லென்று இருக்கும். நிமிடத்துக்கு 300 மி.மீ.யில் ஓட்டினால் இந்த வித்தியாசம் தெரியாது. வரம்பின் விளிம்பில் ஓட்டும்போது மட்டும் காட்டிக்கொடுக்கும். மதியம் நன்றாக வந்த அதே புரோகிராம் காலையில் முதல் தகட்டில் மட்டும் கெட்டால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது: ஷோல்டர் தகட்டைத் தொட்டபின் நகராமல் நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஐந்து முதல் பத்து வினாடி வரை போகலாம். அடுத்து, முதல் 20, 30 மி.மீ. தூரத்தைப் பாதி ஃபீடில் ஓட்டி, பிறகு முழு வேகத்துக்கு ஏறும்படி புரோகிராமில் எழுதுங்கள். வசதியிருந்தால் தொடக்கத்தில் ஒரு கழிவுத் துண்டை ஒட்டி வைத்து, அதில் ஆரம்பித்து வேலைத் தகட்டுக்குள் நுழையுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் அடித்தட்டைப் பாருங்கள். சாதாரண இரும்புத் தகடு சூட்டை வேகமாக உறிஞ்சி மெஷின் படுக்கைக்கு அனுப்பிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வெப்பக் கடத்தல் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இணைப்புக்கு நேர் கீழே ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்றைப் பதித்தாலே பல சமயம் ஒரு படி ஃபீட் இலவசமாகக் கிடைக்கும்.

தகட்டை முன்கூட்டிச் சூடாக்குவது கடைசி வழி. 50, 60 டிகிரி வந்தால் போதும், பனி ஈரமும் போய்விடும். லேசர் துப்பாக்கித் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறிவையுங்கள், அல்லது தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் பயன்படுத்துங்கள்.

### வழி நெடுக, ஒரே பக்கத்தில்

டூல் சுற்றும் திசையும் ஓடும் திசையும் ஒத்துப்போகும் பக்கத்தில்தான் இது வரும். மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றாக ஓடும் டூல் உங்களை விட்டு விலகிப் போனால், அது உங்கள் இடது பக்கம்.

முதலில் சுற்றும் திசையையே பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் மோட்டார் ஒயரைக் கழற்றி மாட்டியபின் ஸ்பிண்டில் தலைகீழாகச் சுற்றுவது பட்டறைகளில் நடப்பதுதான். கடிகாரச் சுற்றுக்கு இடக்கை மரை வேண்டும். அப்போதுதான் மரை உலோகத்தைக் கீழே தள்ளும். திசை மாறினால் உலோகம் மேலே ஏறி, ஓரத்தில் பிசிறாக வழிந்து, அடியில் பள்ளம் விழும்.

அடுத்தது டூலின் சாய்வு. குழிந்த ஷோல்டருக்கு 2 முதல் 3 டிகிரி, பின்புறம் தாழ்ந்திருக்க வேண்டும். மேலே சுருள் வெட்டிய ஷோல்டர் என்றால் சாய்வே வேண்டாம். அப்புறம் அழுத்தம்: ஷோல்டரின் பின்விளிம்பு தகட்டுக்குள் 0.1 முதல் 0.2 மி.மீ. இறங்க வேண்டும்.

இங்கேதான் மாற்றிய மில்லிங் மெஷினின் பலவீனம் வெளிப்படுகிறது. ஃபீட் கூடினால் டூலுக்கு முன்னால் இருக்கும் உலோகம் குளிர்ந்து கெட்டியாகவே இருக்கும். அது டூலை மேலே தள்ளும். டிஸ்பிளேயில் ஆழம் மாறாமல் நிற்கும், தலை மட்டும் மேலே போயிருக்கும். டயல் கேஜை மேக்னட் ஸ்டாண்டில் மெஷின் படுக்கையில் நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டில் தலைமேல் வைத்து, வெல்டு ஓடும்போது பாருங்கள். தலை 0.1 மி.மீ. ஏறினாலே நீங்கள் கொடுத்த ஆழம் மொத்தமும் போய்விட்டது என்று அர்த்தம். ஏறும் அளவைக் கூடுதல் ஆழமாகப் புரோகிராமில் சேருங்கள். 0.3 மி.மீ.க்கு மேல் ஏறினால் ஈடுகட்டிப் பயனில்லை. தலையின் பூட்டு, ஜிப் (நகரும் தடத்தின் தளர்வைச் சரிசெய்யும் பட்டை), பேரிங் எல்லாவற்றையும் மெஷின் சர்வீஸ் ஆளை வைத்துப் பார்க்க வேண்டும்.

### விட்டுவிட்டு, அங்கங்கே

தகடுகளுக்கு நடுவே இடைவெளி. வெல்டு போடாத நிலையில் ஃபீலர் கேஜை இணைப்பு நெடுக ஓட்டிப் பாருங்கள். கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால், அதாவது 6 மி.மீ. தகட்டில் 0.6 மி.மீ.க்கு மேல், அந்த இடம் நிரம்பாது. வேகமாக ஓட்டுகிறவர்கள் அதில் பாதிக்கே கவலைப்பட வேண்டும். கத்தரித்த ஓரத்தை அப்படியே வைத்தால் இது வரும், மில்லிங்கில் சீவிய ஓரத்தில் வராது.

ஓரம் நேராக இருந்தும் வருகிறதென்றால் கிளாம்ப். மேலிருந்து அமுக்கும் கிளாம்ப் மட்டும் போதாது; பக்கவாட்டில் தகடுகளை நெருக்கிப் பிடிக்கவும் வேண்டும், ஏனென்றால் முனை தகடுகளைப் பிரித்துத் தள்ளும், வேகம் கூடக் கூட இன்னும் பலமாக. வெல்டுக்கு முன் இணைப்பின் குறுக்கே ஸ்க்ரைபரால் ஒரு கோடு கிழியுங்கள். கிளாம்பைத் தளர்த்துமுன் கோடு இரு பக்கமும் நேராக இருக்கிறதா பாருங்கள். உடைந்திருந்தால் தகடு நழுவியிருக்கிறது.

## அறிகுறி 2: மேலே பளபளப்பு, உள்ளே சுரங்கம்

எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு முறை ஃபீடை ஏற்றும்போதும் ஒரு சோதனைத் தகட்டை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு மலிவான வழி இல்லை.

வெல்டுக்குக் குறுக்கே அறுத்து, ஓரத்தை எமரி பேப்பரால் 600 வரை தேய்த்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் சில நிமிடம் வைத்துக் கழுவினால் கலக்கிய பகுதி நிறம் மாறித் தெரியும். சுரங்கம் இருந்தால், மேலே சொன்ன அதே பக்கத்தில், வேருக்கு, அதாவது வெல்டின் அடிக்கு, சற்று மேலே கறுப்புப் பொத்தலாக இருக்கும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தொட்டால் ஹைட்ரஜன் வாயு வரும். கண்ணாடி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிர் என்று கதவைச் சாத்திவிட்டுச் செய்கிற வேலை அல்ல.

சுரங்கம் கண்டால் செய்யும் வரிசை:

முதலில் ஃபீடை ஒரு படி இறக்குங்கள். போய்விட்டால் உங்கள் இன்றைய வரம்பு எது என்று தெரிந்துவிட்டது. பிறகு அறிகுறி 1-இல் சொன்ன ஆழம், சாய்வு, இடைவெளி மூன்றையும் சரிபார்த்து மறுபடி ஏற்றுங்கள். பாதி சுரங்கங்கள் இங்கேயே மறையும்.

அப்போதும் இருந்தால் ஆர்.பி.எம்.மைக் கூட்டலாம், ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஷோல்டருக்கு அடியில் உலோகம் மிகவும் இளகிவிட்டால் டூல் வழுக்கத் தொடங்கும். ஆர்.பி.எம். ஏறும், சூடு அந்த அளவுக்கு ஏறாது, மேற்பரப்பு மட்டும் கிழியும். சுரங்கமும் பிசிறும் ஒரே வெல்டில் சேர்ந்து வந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

இதற்குப் பிறகுதான் டூல். முனையின் மரை தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதா? மரை இடுக்கில் அலுமினியம் அப்பியிருக்கிறதா? அப்பியிருந்தால் அதே காஸ்டிக் கரைசலில் ஊறவைத்தால் அலுமினியம் மட்டும் கரையும், எஃகு அப்படியே இருக்கும். டூல் சரியாக இருந்தும் இன்னும் வேகம் வேண்டுமென்றால் வடிவத்தை மாற்ற வேண்டும். மரை வெட்டிய கூம்பு முனையில் மூன்று பக்கம் தட்டையாகச் சீவினால் ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தை மூன்று முறை தள்ளிக் கலக்கும். என் கணக்கில், டூலுக்குச் செலவழிக்கும் பணத்தில் இதற்கு ஈடான பலன் வேறு எதிலும் இல்லை. எச்13 என்னும் டூல் எஃகில் கடைந்து, கடினப்படுத்தி, டெம்பர் செய்துகொடுக்கும் ஆட்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டைப் பட்டறை உலையில் நீங்களே செய்ய முயலாதீர்கள்.

அழுத்தம் தாங்க வேண்டிய பாகம், தண்ணீர் ஓடும் குளிர்விப்புத் தகடு, ஆள் ஏறி நிற்கும் அமைப்பு என்றால் மாதிரித் துண்டு மட்டும் போதாது. முழு நீளத்தையும் அல்ட்ராசோனிக்கில் பார்க்க ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 25239-ன்படி வேலை எடுத்திருந்தால், ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய வரம்பைத் தாண்டி ஃபீடை மாற்றும்போது வெல்டிங் நடைமுறைக்கு மறுபடி தகுதிச் சோதனை செய்ய வேண்டியிருக்கும். அதை வேலை கொடுத்தவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: வளைத்தால் அடிப்பக்கம் பிளக்கிறது

வெல்டின் அடிப்பக்கம் வெளியே இருக்கும்படி வளையுங்கள். பழைய இணைப்புக் கோட்டிலேயே சுத்தமாகப் பிளந்தால் முனை அடிவரை எட்டவில்லை. தகடுகள் ஒட்டியது போல இருக்கும், ஒட்டியிருக்காது. எக்ஸ்ரே இதை நம்பகமாகக் காட்டாது. அதனால் எக்ஸ்ரே ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது நல்ல வெல்டு என்றால் வளைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தகட்டின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 6 மி.மீ. என்று வந்த தகடு 6.15 இருக்கலாம். முனை நீளம் கனத்தைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் அடி ஒட்டாது. அடுத்து முனை தேய்ந்து குட்டையாகியிருக்கிறதா என்று அளங்கள். மூன்றாவது, அதே பழைய கதை: வேகத்தில் தலை மேலே தள்ளப்படுவது. ஃபீட் ஏற்றிய பிறகுதான் இந்தப் பிளவு வந்தது என்றால் முதலில் டயல் கேஜைத்தான் எடுப்பேன்.

அடித்தட்டில் பழைய வெல்டுகள் குடைந்த பள்ளம் இருந்தாலும் இப்படி ஆகும். தட்டைத் திருப்பிப் போடுங்கள், அல்லது சீவுங்கள்.

## அறிகுறி 4: ஓரத்தில் பிசிறு வழிகிறது

ஃபீட் கூட்டும்போது இது குறைய வேண்டும், கூடக் கூடாது. கூடினால் ஆழம் அதிகம், அல்லது வேகத்துக்கு ஈடாக ஆர்.பி.எம்.மைத் தாராளமாக ஏற்றிவிட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் வழிந்தால் இரு தகடுகளின் உயரம் ஒன்றாக இல்லை. நீளமான வெல்டின் கடைசியில் மட்டும் வழிந்தால் தகட்டில் சூடு தேங்கியிருக்கிறது, ஸ்பிண்டிலும் சூடேறி நீண்டிருக்கலாம். கடைசிப் பகுதியில் ஃபீடை இன்னும் ஏற்றுங்கள், குறைக்காதீர்கள்.

## அறிகுறி 5: முனை முறிகிறது

இறங்கும்போதே முறிந்தால் இறக்கும் வேகம் அதிகம் அல்லது தகடு சில்லென்று இருக்கிறது. நகர ஆரம்பித்ததும் முறிந்தால், நின்று சூடேற்றும் நேரம் போதவில்லை, அல்லது ஒரே தாவலில் முழு ஃபீடுக்குப் போகிறீர்கள்.

நடுவழியில் முறிந்தால் முறிந்த பரப்பைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் வழவழப்பான பிறைகளும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் அது களைப்பு முறிவு. பல வேலைகளாக விரிசல் வளர்ந்து வந்திருக்கிறது. முனை ஷோல்டரோடு சேரும் மூலையில் கூர்மையாக வெட்டியிருந்தால் அங்கேதான் தொடங்கும். அடுத்த டூலில் அந்த மூலையை உருட்டிக் கடையச் சொல்லுங்கள். முழுக்கச் சொரசொரப்பாக இருந்தால் ஒரே அடியில் முறிந்தது: கிளாம்பில் மோதல், ஸ்பிண்டில் நின்றுபோய் ஃபீட் மட்டும் ஓடியது, அல்லது கடினப்படுத்தியபின் டெம்பர் சரியாகச் செய்யாதது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க கடினத்தன்மைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மாற்று டூல் ஒன்றை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் மேட்டுப்பாளையம் பாதை அடைபட்டால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டூல் வர நாள் கணக்காகும்.

## அறிகுறி 6: ஸ்பிண்டில் திணறுகிறது, டிரைவ் டிரிப் ஆகிறது

சமவெளியில் ஓடும் அதே மெஷின், அதே ஃபீட், இங்கே டிரிப் ஆகும். இதற்கு மலையே ஒரு காரணம். மோட்டாரும் அதிர்வெண் மாற்றும் டிரைவும் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் முழுத் திறனுக்குக் கணக்கிடப்படுகின்றன. அதற்கு மேல் காற்று அடர்த்தி குறைவதால் குளிர்விப்பு குறையும். பெரும்பாலான டிரைவ் கையேடுகள் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. ஆக, குன்னூரில் எட்டு சதவீதத்துக்கு மேல், ஊட்டியில் பன்னிரண்டு சதவீதம் வரை திறன் கழிந்துவிடும். இங்கே குளிராகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல.

பார்க்கும் வரிசை: பெல்ட் வழுக்குகிறதா? வரி எண்ணும் சோதனை இதற்குத்தான். டிரைவ் ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் தூசி, பூச்சிக்கூடு அடைத்திருக்கிறதா? வெல்டு ஓடும்போது மூன்று ஃபேஸ்களுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளங்கள். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அல்லது மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டால், அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பேனலுக்குள் நீங்கள் கைவைக்க வேண்டாம். டிரைவை நிறுத்திய பிறகும் உள்ளே கபாசிட்டர்களில் மின்சாரம் சில நிமிடம் தங்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் டிரிப் ஆனால் மோட்டார் போதவில்லை. டிரிப் வரம்பை அமைப்புகளில் உயர்த்தித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி 7: ஓட்டையும் இல்லை, பிளவும் இல்லை, ஆனால் இழுவைச் சோதனையில் தேறவில்லை

அறுத்துப் பார்த்தால் நடுவில் வளைந்து நெளிந்து ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அது பழைய ஓரத்தின் ஆக்சைடு. மெதுவாக ஓட்டும்போது நன்றாகக் கலந்து சிதறிவிடும். ஃபீட் கூடும்போது கோடாகவே தங்கிவிடும்.

மலைப் பட்டறைகளில் இதற்கு ஈரமும் துணை. அடுக்கி வைத்த தகடுகளுக்கு நடுவே பனிநீர் புகுந்தால் வெள்ளைக் கறை படியும், சாதாரண ஆக்சைடைவிடத் தடிமனாக. தகடுகளுக்கு இடையே கட்டை வைத்து நிறுத்தி அடுக்குங்கள். வெல்டுக்குச் சற்று முன் இணையும் ஓரங்களை அரம் அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷால் சுரண்டி, அசிட்டோனால் துடையுங்கள். முந்தின நாள் மாலையே சுத்தம் செய்து வைப்பதில் அர்த்தமில்லை. இதற்குப் பிறகும் கோடு தங்கினால் அறிகுறி 2-இல் சொன்ன, மூன்று பக்கம் தட்டையாகச் சீவிய முனைதான் அடுத்த வழி.

கோடே இல்லாமல் வலிமை மட்டும் குறைவு என்றால், டி6 நிலைத் (சூடேற்றிப் பதப்படுத்தி வலுவூட்டிய) தகடுகளில் வெல்டின் இருபுறமும் சூட்டால் மென்மையான பட்டையில்தான் அறும். அது இந்த முறையின் இயல்பு. ஃபீடைக் கூட்டினால் அந்தப் பட்டை குறுகும், வலிமை சற்று ஏறும்.

## அறிகுறி 8: 6063-இல் ஓடிய வேகம் வேறு அலாயில் ஓடவில்லை

ஓடாது. எக்ஸ்ட்ரூஷன் அச்சில் எளிதாகப் பிதுங்கி வரும் அலாய் எதுவோ, அதுதான் இதிலும் வேகமாக ஓடும். 6063 முன்னால், 6061-உம் 6082-உம் அடுத்து, 5083 பின்னால், 2024-உம் 7075-உம் வெகு பின்னால். 7075-ஐ 6082-இன் ஃபீடில் ஓட்டினால் சுரங்கம் அல்லது முறிந்த முனை, இரண்டில் ஒன்று நிச்சயம். அதைச் சரிக்கட்ட ஆர்.பி.எம்.மை ஏற்றினாலோ, அலாயில் சில பகுதிகள் உருகிவிடும் அபாயம் உண்டு. இந்த அலாய்களில் வேலை வந்தால் பழைய எண்களை ஓரமாக வைத்துவிட்டு, குறைந்த ஃபீடில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் அறுத்துப் பாருங்கள். விமான பாகம் என்று சொல்லி யாராவது கொண்டுவந்தால், மாற்றிய மில்லிங் மெஷினில் செய்யாதீர்கள். அழுத்தத்தைத் தானே அளந்து கட்டுப்படுத்தும் மெஷின் வைத்திருப்பவரிடம் அனுப்பிவிடுங்கள்.